வாசக்காலில் ஏறும் மண்கோடு

வாசக்காலின் அடியில் பென்சில் கனத்துக்குக் கரையானின் மண்கோடு ஒன்று ஏறியிருந்தால், துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் நம் வழக்கம். கொஞ்ச நாளில் அதே கோடு ஒரு சாண் தள்ளி மறுபடி ஏறும். காவேரிப்பட்டணம் போலத் தென்பெண்ணையை ஒட்டிய ஊர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. மருந்துக்கு வீரியம் போதவில்லை என்று நினைக்கிறோம். சட்டென்று கொல்வதே அந்த மருந்தின் குறை என்பது கரையானின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

கரையான் எறும்புக்குச் சொந்தமில்லை, கரப்பான்பூச்சியின் வம்சம். ஆனால் கரப்பானின் கெட்டியான தோல் இதற்கு வாய்க்கவில்லை. காய்ந்த காற்று பட்டால் உடம்பின் ஈரம் சீக்கிரம் வற்றிச் செத்துவிடும். அதனால்தான் மண்ணை எச்சிலில் குழைத்து, கூரை போட்டுக்கொண்டே முன்னேறுகிறது.

அந்தக் கோட்டை ஓர் அங்குலம் மட்டும் பெயர்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் எல்லாம் உள்ளே ஓடிவிடும். பிறகு பழுப்புத் தலையும் கூர்த்தாடையும் கொண்ட காவல் கரையான்கள் உடைந்த இடத்தில் வந்து தலை நீட்டி நிற்கும். அவற்றின் பின்னால் வெளுத்த உடம்போடு வேலைக்காரக் கரையான்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு மண்துகளைக் கவ்வி வந்து, எச்சில் தொட்டு விளிம்பில் ஒட்டிவிட்டுத் திரும்பும். இவற்றுக்குக் கண் தெரியாது. தொட்டும் மோந்தும்தான் இத்தனை வேலையும். காவல் கரையானுக்கோ தாடை சண்டைக்கென்றே வளர்ந்துவிட்டதால் தானாகத் தின்ன முடியாது. வேலைக்காரர்கள் வாயோடு வாய் வைத்து ஊட்டவேண்டும். குஞ்சுகளுக்கும் ராணிக்கும் அதே ஊட்டல்தான்.

நம் கண்ணில் படுவது கூட்டில் ஒரு சிறு பங்குதான். மீதி தரைக்கடியில் இருக்கிறது. நம் பக்கத்தில் புற்று கட்டும் கரையானால் மரத்தைத் தின்று நேராகச் செரித்துவிட முடியாது. மென்று கழித்ததை அடுக்கி, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு மெத்தை கட்டி, அதில் காளான் வளர்க்கிறது. மரத்தின் கெட்டிப்பொருளான லிக்னினையும் நார்ப்பொருளான செல்லுலோஸையும் அந்தக் காளான் பக்குவப்படுத்தித் தருகிறது. மழை விட்டதும் மாந்தோப்பில் பறித்து வந்து குழம்பு வைக்கிறோமே, அந்தப் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்திலிருந்து முளைப்பதுதான்.

காளானுக்கு ஈரம் விடாமல் வேண்டும். ஆற்றோர மண், கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் பாயும் வயல், தென்னந்தோப்பு என்று சுற்றியிருக்கும் ஊரில் அதற்குக் குறைவில்லை. மழை நின்ற மாலையில் விளக்கை மொய்க்கும் ஈசலும் இந்தக் கூட்டின் பிள்ளைகள்தான். இறகை உதிர்த்து, ஜோடி சேர்ந்து, ஈரமண்ணில் நுழைந்து புதுக் கூடு தொடங்கும். பெரும்பாலானவை காக்கைக்கும் பல்லிக்கும் இரையாகும், கொஞ்சம் நம் வறுசட்டிக்கும் வரும். தப்பித்த ஒரு ஜோடி போதும். முதிர்ந்த ராணி நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருவோம். அது பட்ட கரையான்கள் பட்ட இடத்திலேயே செத்துப்போகும். கூட்டுக்கு அதனால் பெரிய நஷ்டம் கிடையாது. கடையில் விற்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து ஸ்ப்ரேயும் அப்படித்தான். போதாததற்கு, கரையான் அதை உணர்ந்து ஒதுங்கி வேறு விரிசலைத் தேடும். இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் போன்ற கரையான் மருந்துகள் மண்ணில் கலந்திருப்பது அதற்குத் தெரியாது. அதன் மேலேயே நடந்து போகும். மருந்து நரம்பைத் தாக்கும், ஆனால் உடனே கொல்லாது. அந்த அவகாசத்தில் கரையான் கூட்டாளிகளோடு உரசும், ஊட்டும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். மருந்தும் கூடவே கைமாறும். வெகு தூரத்தில் ஆழமாக இருக்கும் ராணிவரை அது போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சுவரோரமாக மருந்து இறங்கிய மண் ஒரு வேலியாக வருடக்கணக்கில் நிற்கும்.

அதனால் மருந்து மரத்தின் மேல் பூசுவதோடு நிற்காமல் மண்ணுக்குள் போகவேண்டும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு துளை போட்டு, மருந்து செலுத்தி அடைப்பார்கள். 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி என்பது வழக்கமான அளவு. டப்பாவில் போட்டிருப்பதைத் தாண்டி ஊற்றுவதால் எந்த லாபமும் இல்லை. அதற்கு முன்னால் ஒழுகும் குழாயையும் சுவரில் சாய்த்த விறகையும் பழைய அட்டைப்பெட்டிகளையும் அப்புறப்படுத்துங்கள். மருந்தைவிட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். சுவரோரம் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால் கரையானும் வந்துகொண்டே இருக்கும்.

வீட்டை ஒட்டிக் கிணறோ போர்வெல்லோ இருந்தால், வேலைக்கு வருபவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். அந்தப் பக்கத்து மண்ணில் மருந்து இறக்கக்கூடாது. ஃபிப்ரோனில் மீனுக்குக் கடும் விஷம். இமிடாகுளோபிரிட் தேனீயையும் நீர்ப்பூச்சிகளையும் கொல்லும். மருந்து டேங்க் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்ற எவரையும் விடாதீர்கள், அது நேரே தென்பெண்ணைக்குத்தான் போகும்.