பி.பி. புதுசா, பழசா?

செவ்வாய்க்கிழமை காலை, அரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கர்ப்பிணிகள் பரிசோதனை. பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க நடந்து வந்த பெண்ணுக்கு நர்ஸம்மா உடனே பி.பி. பார்க்கவில்லை. "அஞ்சு நிமிஷம் உட்காரும்மா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார். காரணம் இருக்கிறது. நடந்து வந்த களைப்பு, அடக்கி வைத்த சிறுநீர், கால் மேல் கால், பக்கத்து ஆளோடு பேச்சு, எல்லாமே அளவை ஏற்றிவிடும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி.யும் இருப்பதாகக் காட்டும்.

சரி, அளந்தாயிற்று. மேல் எண் 140, கீழ் எண் 90. இரண்டில் ஒன்றைத் தொட்டாலே அதிகம்தான். ஆனால் ஒரே தடவை பார்த்து முடிவு கட்டுவதில்லை, குறைந்தது 4 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மலையிலிருந்து வருகிறவருக்கு 4 மணி நேரம் என்றால் கடைசி பஸ் போய்விடுமோ என்ற கவலை. அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டு உட்கார வைப்பதும் என் கணக்கில் வைத்தியம்தான். 160/110 என்றால் இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, இறங்கவில்லை என்றால் உடனே மருந்து, பெரிய ஆஸ்பத்திரி.

அடுத்து, எத்தனையாவது வாரம்? 20 வாரத்துக்கு முன்பே ஏறியிருந்தால் அது பழைய பி.பி. அதற்குப் பிறகு புதிதாக ஏறினால் கர்ப்பம் கொண்டுவந்தது. இங்கேதான் உடம்பு கண்கட்டு வித்தை காட்டுகிறது. கர்ப்பம் தரித்ததும் ரத்தக்குழாய்கள் தளர்வதால் அழுத்தம் தானாகவே இறங்கும். நடு மாதங்களில் நன்றாகத் தாழ்ந்து, கடைசி மாதங்களில் பழைய இடத்துக்கு ஏறும். சித்தேரி மலையிலிருந்து ஐந்தாம் மாதம் முதல்முறையாக வருகிறவருக்கு 124/80 இருக்கலாம். எட்டாம் மாதம் 144/94 ஆனால் அது புதிதா, பள்ளத்தில் ஒளிந்திருந்த பழையதா? அட்டையில் இரண்டாம் மாதத்து எண் ஒன்று இருந்தால் குழப்பமே இல்லை. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்ற வழக்கத்தில் தொலைவது அந்த எண்தான்.

அப்புறம் சிறுநீர். இப்போது சோதனை ஸ்ட்ரிப்பை நனைத்து நிறம் பார்த்துவிடுகிறார்கள். பழைய முறை இன்னும் அழகு: சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் ஊற்றி, மேல்பகுதியை மட்டும் தீயில் காட்டுவார்கள். வெள்ளையாகக் கலங்கினால் சில சொட்டு அசிட்டிக் அமிலம். கலங்கல் தெளிந்தால் உப்பு, தெளியாவிட்டால் புரதம். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுக்கிற அதே சங்கதி.

சிறுநீரில் புரதம் ஏன் வருகிறது? கருப்பையின் ரத்தக்குழாய்கள் போதுமான அளவு விரியாமல் போனால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பற்றாது. அது தாயின் ரத்தத்தில் கலக்கவிடும் பொருட்கள் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரக வடிகட்டி ஒழுகுகிறது. இதுதான் பிரீஎக்லாம்ப்சியா, முற்றினால் ஊரில் ஜன்னி என்று சொல்லும் வலிப்பு. புரதம் இல்லாமலும் இது வரும் என்பதால் ரத்தமும் பார்க்கிறார்கள்: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1 லட்சத்துக்குக் கீழே போயிற்றா, கல்லீரல் நொதிகள் இரண்டு மடங்கானதா என்று. கால் வீக்கத்தை மட்டும் வைத்து இப்போது யாரும் தீர்மானிப்பதில்லை. சாதாரணக் கர்ப்பத்திலும் கால் வீங்கும். விடாத தலைவலி, கண் மங்கல், 'கேஸ்' என்று நினைக்க வைக்கும் மேல்வயிற்று வலி, இவைதான் பயப்பட வேண்டியவை.

எட்டாம் மாதத்துக் கேள்வி அப்படியே நிற்கிறது அல்லவா? பிரசவம் முடிந்து 12 வாரத்துக்குள் இறங்கிவிட்டால் அது கர்ப்பத்தோடு வந்தது, இறங்காவிட்டால் பழையது. குழந்தைக்கு மூன்றரை மாத ஊசி போட வரும் நாளில், அம்மாவின் கையிலும் பட்டையைச் சுற்றினால் விடை தெரிந்துவிடும்.