விழுந்தானா, விழுந்து காட்டினானா?

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். இந்தியக் கால்பந்தின் ஐ-லீக் பட்டம் தீர்மானமாகும் நாளில் சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாபிடம் ஒரு கோல் பின்தங்கிக் கிடந்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்ட்டி அடித்துச் சமன் செய்தார். ஆட்டம் 3-1 என முடிந்தது, பட்டமும் வந்தது.

கோல் முன்னால் உள்ள கட்டத்துக்குள் ஃபவுல் நடந்தால் கொடுப்பது பெனால்ட்டி. அது என்றாலே எங்கள் பேக்கரி பெஞ்சில் டீ ஆறிவிடும். "காலத் தொட்டானுங்ணா!" "தொட்டா இப்படியா பறப்பான்? நடிக்கிறானுங்ணா!" இரண்டு பேருமே விதியைத் தவறவிடுகிறார்கள். கவனக்குறைவாக இடறிவிட முயன்றாலே ஃபவுல்தான், கால் படவே வேண்டியதில்லை. பட்டதெல்லாம் ஃபவுலும் ஆகாது.

லேசாகப் பட்டால் அப்படி விழுவானா என்பதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. ஓடுவது என்பதே முன்னால் சரிந்துகொண்டு, அடுத்த காலை வைத்துத் தாங்கிக்கொள்வதுதான். நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவரின் உடல், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் 80 செ.மீ. நகர்ந்துவிடும். முன்னே வரும் காலை யாராவது ஓரமாகத் தட்டினால் அது அவருடைய இன்னொரு காலிலேயே சிக்கும். தாங்க வேண்டிய கால் வந்து சேராது, உடம்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். உக்கடத்தில் ஓடும் டவுன் பஸ்ஸிலிருந்து குதித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நடிப்பைக் காட்டிக்கொடுப்பது கை. தலை சரிவதை உள்காது உணர்ந்ததும், யோசிக்கும் முன்பே கைகள் தரையை நோக்கி நீளும். ஈர வரப்பில் வழுக்கினால் நமக்கும் அப்படித்தான். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக உளவியலாளர் பால் மாரிஸ் கவனித்தது இதற்கு நேர்மாறான கோலம்: நெஞ்சு முன்னே, தலை பின்னே, இரு கைகளும் மேலே, முழங்கால் மடங்கி, நாணேற்றிய வில் மாதிரி. இயல்பாக விழும் உடம்புக்கு அந்த வளைவு வராது. மோதியபின் இரண்டடி ஓடிவிட்டு விழுவதும், கணுக்காலில் பட்டதற்கு முழங்காலைப் பிடிப்பதும் அவர் சொன்ன மற்ற அடையாளங்கள். ஆனால் உண்மையில் உதைபட்டவரும் கொஞ்சம் கூட்டி நடிக்கலாம். அதனால் கை மேலே போனதும் மஞ்சள் அட்டை கேட்பது அவசரம் என்பேன்.

டிவியின் மெதுவோட்டம் தீர்த்துவைக்கும் என்று நம்புகிறோம். பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் 88 தேர்ந்த நடுவர்களுக்கு மோதல்களை இரண்டு வேகத்திலும் காட்டினார்கள். 2018-இல் முடிவுகள் வந்தன: ஃபவுலா இல்லையா என்பதில் பெரிய வித்தியாசமில்லை, மெதுவாகப் பார்த்தபோது சிவப்பு அட்டைதான் கூடியது. நேரத்தை இழுத்துக் காட்டினால், யோசித்துத்தான் உதைத்தான் என்று தோன்றிவிடுகிறது. கண் பார்த்துக் கால் அசையவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்பது மறந்துபோகிறது. அதனாலேயே, நடுவர் வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். முறையின் விதி, எங்கே பட்டது என்பதை மெதுவாகவும், எவ்வளவு மூர்க்கமாகப் பட்டது என்பதை இயல்பான வேகத்திலும் பார்க்கச் சொல்கிறது.

கூட்டத்தின் சத்தம் வேறு. இங்கிலாந்தில் 40 நடுவர்களிடம் ஒரே ஆட்டத்தைக் காட்டி, பாதிப்பேருக்கு ஒலியை நிறுத்தினார்கள். இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த மண் அணிமீது குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னதும் பேக்கரி அண்ணன் ரிமோட்டைத் தேடினார். "அப்ப சத்தத்தக் கொறச்சுட்டுப் பாக்கோணும்ங்கறீங்களா? முதல்ல இவனுகளக் கொறைக்கோணுமுங்க."