‘டெப்ரகேட்டட்’ என்பதற்கு ‘நீக்கப்பட்டது’ பொருளாகாது

மென்பொருள் ஆவணங்களின் தமிழாக்கங்களிலும் நிரலாக்கப் பாடங்களிலும் ‘டெப்ரகேட்டட்’ (deprecated) என்ற ஆங்கிலச் சொல்லை ‘நீக்கப்பட்டது’ என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. நடை சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இது பொருட்பிழை. ஒரு ஏபிஐயின் (பிற நிரல்கள் ஒரு மென்பொருளை அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகத்தின்) எந்தப் பகுதியை எந்தப் பதிப்புவரை நம்பலாம் என்று அதை உருவாக்கியவர்கள் கொடுக்கும் உறுதிமொழியில் இச்சொல் முக்கியமானது. அதைப் பிழையாகப் பெயர்த்தால் உறுதிமொழியே தலைகீழாகிவிடும்.

சொற்பிறப்பு எளியது. ‘அகல’ என்னும் பொருள் தரும் முன்னொட்டும் ‘வேண்டுதல்’ என்னும் வினையும் சேர்ந்த இலத்தீன் சொல் இது. தீங்கு வாராதிருக்க வேண்டிக்கொள்வதைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது ‘ஏற்காமையைத் தெரிவித்தல்’ என்று நெகிழ்ந்து, மென்பொருளாரிடம் ‘இன்னும் இருக்கிறது, ஆனால் இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்ற பொருளில் நிலைத்தது.

இப்பொருளை விதியாகவே எழுதிவைத்திருக்கிறது ‘செம்வெர்’ என்னும் பதிப்பெண் வரையறை. அதன்படி பதிப்பெண் மூன்று பகுதிகளைக் கொண்டது: பழைய நிரல்களை முறிக்கும் மாற்றம் வந்தால் முதல் எண் உயரும், எதையும் முறிக்காமல் புதியது சேர்ந்தால் இரண்டாம் எண், பிழைதிருத்தம் மட்டும் என்றால் மூன்றாம் எண். ஒரு செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) ‘டெப்ரகேட்டட்’ என்று குறிக்கப்படும்போது உயர வேண்டியது இரண்டாம் எண். அதாவது, எதுவும் முறியவில்லை. அக்கூறு பின்னர் உண்மையிலேயே அகற்றப்படும்போதுதான் முதல் எண் உயரும். அதற்கு முன் எச்சரிக்கை தாங்கிய ஓர் இடைப்பதிப்பாவது வெளிவந்திருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. இரண்டுக்கும் ‘நீக்கப்பட்டது’ என்றே எழுதினால், ஒரு கூறு குறிக்கப்பட்ட 2.4 பதிப்பும் அது அகற்றப்பட்ட 3.0 பதிப்பும் தமிழ் வாசகருக்கு ஒன்றாகிவிடுகின்றன.

ஜாவா என்னும் நிரல்மொழியில் தேதிகளைக் கையாளும் ‘டேட்’ வகுப்பைப் பாருங்கள். ஆண்டைத் தரும் அதன் ‘கெட்இயர்’ என்ற செயற்கூறு 1997இல் வந்த 1.1 பதிப்பிலேயே இக்குறியைப் பெற்றது. இன்றும் அதை அழைக்கலாம்: 2024ஆம் ஆண்டுத் தேதிக்கு, 1900ஐக் கழித்து 124 என்று விடை தரும், கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்கேற்ப மாற்றும் கருவி) எச்சரிக்கும், ஆனால் தடுக்காது. கால் நூற்றாண்டுக்கு மேலாக வேலை செய்துகொண்டிருப்பதை நீக்கப்பட்டது என்று எந்த வாயால் சொல்வது?

‘வழக்கொழிந்தது’ என்பாரும் உண்டு. கேட்பதற்கு நல்ல தமிழ்தான். ஆனால் வழக்கொழிதல் என்பது பேசுவோரிடையே தானாக நிகழ்வது. எவரும் ஆணையிட்டு ஒரு சொல்லை வழக்கொழியச் செய்வதில்லை. இங்கோ, பொறுப்பாளர் ஒரு குறிப்பிட்ட பதிப்பில் அறிந்தே அறிவிக்கிறார்; அறிவிக்கும் நாளில் அக்கூறு பல்லாயிரம் நிரல்களில் பயன்பாட்டில் இருக்கக்கூடும். பயன்பாட்டில் இருப்பதால்தான் அறிவிப்பே தேவைப்படுகிறது. தூய தமிழ் என்பதற்காகப் பிழையான தமிழை ஏற்க முடியாது.

‘நீக்கப்படவுள்ளது’ என்போர் உண்மைக்கு நெருங்கி வருகிறார்கள். அதுவும் போதாது. 2017இல் வந்த ஜாவா 9, இக்குறியோடு ‘நீக்கத்துக்கு உரியது’ என்று தனியாகக் குறிக்கும் வசதியைச் சேர்த்தது. எல்லாமே நீக்கப்படப்போவதில்லை என்பதால்தான் அது தேவைப்பட்டது. வலைச்சேவைகளிலும் இவ்விரண்டுக்கும் ‘டெப்ரகேஷன்’, ‘சன்செட்’ என்று வெவ்வேறு எச்டிடிபி தலைப்புகள் (வலைச்சேவையின் பதிலோடு சேர்ந்து வரும் குறிப்புவரிகள்) உள்ளன; முன்னது ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்பது தொடங்கும் நாளையும், பின்னது சேவை நிற்கக்கூடிய நாளையும் சொல்கின்றன. மூலத்தில் இரண்டாக இருப்பவற்றைத் தமிழில் ஒன்றாக்க நமக்கு உரிமை இல்லை.

இக்குழப்பத்தின் விலை கற்பனையன்று. கொள்கலன்களாகப் பொதியப்பட்ட மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் திட்டம், அத்தகைய கொள்கலன்களை இயக்கும் டாக்கர் என்ற கருவியோடு தன்னை இணைக்கும் ‘டாக்கர்ஷிம்’ என்ற பகுதியை 2020 டிசம்பரில் 1.20 பதிப்பில் இவ்வாறு குறித்தபோது, டாக்கரே உடனடியாகப் போய்விட்டதாகப் பலர் பதறினர். பதற வேண்டாம் என்று அத்திட்டம் தனி விளக்கமே எழுத வேண்டியிருந்தது. உண்மையில் அப்பகுதி 1.23 வரை இருந்து, 2022இல் வந்த 1.24 பதிப்பில்தான் அகற்றப்பட்டது. மூலச்சொல்லைப் படித்தவர்களே தடுமாறிய இடத்தில், பெயர்ப்பே தவறாக அமைந்தால் வாசகர் என்ன செய்வார்?

பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் கையில் சூழல் ஏதுமற்ற சொற்பட்டியல்தான் கிடைக்கிறது என்பதை அறிவேன். ஆனால் அகராதியில் முதலில் கண்ட பொருளை இட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதை அது நியாயப்படுத்தாது. ‘ரிமூவ்ட்’ (நீக்கப்பட்டது), ‘அப்ஸலீட்’ (காலாவதியானது), ‘டெப்ரகேட்டட்’ மூன்றும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து வரும். மூன்றுக்கும் மூன்று சொற்கள் வேண்டும் என்ற எண்ணம் பட்டியலைத் தொடங்கும்போதே இருக்க வேண்டும்.

என் பரிந்துரை ‘தவிர்ப்புக்குரியது’. ‘தவிர்க்கத்தக்கது’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ‘தவிர்க்கத்தக்க விபத்து’ என்பதுபோல, தவிர்க்க முடிந்தது என்று அதைப் படிக்க இடமுண்டு. ‘தவிர்ப்புக்குரியது’ என்பது அக்கூறு இன்னும் இருப்பதையும், அதைத் தவிர்க்க வேண்டியவர் பயனர் என்பதையும் ஒருங்கே சொல்கிறது. அறிவிப்பைத் ‘தவிர்ப்பறிவிப்பு’ எனலாம். ‘நீக்கம்’ என்ற சொல் உண்மையான நீக்கத்துக்கே எஞ்சும். எச்சரிக்கை வரி இப்படி அமையலாம்: “இச்செயற்கூறு 2.4 பதிப்பிலிருந்து தவிர்ப்புக்குரியது, 3.0 பதிப்பில் நீக்கப்படும்.” நீக்கும் திட்டம் இல்லையெனில் இரண்டாம் பாதியை எழுதாமல் விட வேண்டும்.