கணக்கு சரி, கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது?

இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டரில் இப்படி நடப்பதுண்டு. விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கதவைத் திறந்து பெரிய காட்சிக்குள் நுழைந்ததும் பட்டென்று எல்லாம் இருண்டுவிடும். நீலத் திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை, யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டது போல. காகிதத்தில் கணக்குப் போட்டால் தப்பு எதுவும் தெரியாது. ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு ஒன்றுக்கு 350 வாட், இரண்டுக்கு 700. பிராசஸருக்கு 150 வைத்துக்கொள்வோம். மதர்போர்டு, ராம், விசிறி எல்லாம் சேர்த்து இன்னொரு 75. மொத்தம் 925. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருப்பதோ 1000 வாட். 75 வாட் மிச்சம்கூட இருக்கிறது!

அந்த 350 வாட் என்பது சராசரி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கார்டில் உள்ள சிப்பு சீராக வேலை செய்வதில்லை. திரையில் காட்ட வேண்டிய அடுத்த சட்டகத்துக்கான (ஃபிரேம்) தகவல் வரும்வரை கொஞ்சம் சும்மா இருக்கும். வந்ததும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே மூச்சில் இயங்கத் தொடங்கும். மின்சாரத் தேவை ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் செங்குத்தாக எகிறும். கார்டில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது கொஞ்ச நேரம் அளந்து பார்த்து, சராசரி எல்லை தாண்டினால்தான் வேகத்தைக் குறைக்கும். அது விழித்துக்கொள்வதற்குள் எகிறல் வந்து போய்விடும். கார்டின் மேலேயே உள்ள மின்தேக்கிகள் அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும், மிச்சம் எஸ்எம்பிஎஸ் தலையில் விழும். ஒரே விளையாட்டை ஓட்டும் இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் எகிறினால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் சர்க்யூட் போல எடுத்துக்கொண்டு தன்னை அணைத்துவிடும். அது பழுதானதால் அல்ல, தன் கடமையைச் செய்ததால்தான் அணைகிறது.

எஸ்எம்பிஎஸ்களுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்த எகிறலைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன்படி பெரிய எஸ்எம்பிஎஸ்கள், எழுதப்பட்ட வாட்டைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும். அதற்கு முந்தைய பெட்டிகளில் சில இதைத் தாங்கும், சில தாங்காது. மேலே ஒட்டிய எண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

சரி, வாட்டை விட்டுவிட்டு ஆம்பியருக்கு வருவோம். என்னைக் கேட்டால், பல கார்டு போடுகிறவர்கள் முதலில் ஆம்பியரில்தான் யோசிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குப் போவது 12 வோல்ட். 350 வாட்டை 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29 ஆம்பியர். சிப்பு வேலை செய்வதோ 1 வோல்ட் அளவில், அதனால் கார்டில் உள்ள மின்மாற்றுச் சுற்றுகள் 12ஐ 1 ஆக இறக்கிச் சிப்புக்கு முந்நூறு ஆம்பியருக்கு நெருக்கமாகக் கொடுக்கின்றன. அந்தப் பகுதி கார்டு செய்தவரின் கவலை. 12 வோல்ட்டில் வரும் ஆம்பியர் எந்தெந்தக் கம்பி வழியாக வருகிறது என்பது கம்ப்யூட்டரைக் கட்டுகிறவரின் கவலை.

வழிகள் இரண்டு. ஒன்று, கார்டைச் செருகும் ஸ்லாட். அது மொத்தம் 75 வாட் தரலாம். அதில் 12 வோல்ட்டின் பங்கு அதிகபட்சம் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். இன்னொன்று, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகக் கார்டுக்கு வரும் கேபிள். 6 பின் கனெக்டருக்கு 75 வாட், 8 பின்னுக்கு 150 வாட் என்பது விதி.

ஸ்லாட் வழியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஸ்லாட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரிலிருந்து. 24 இருந்தாலும் அதில் 12 வோல்ட் கம்பி இரண்டே இரண்டுதான், மஞ்சள் நிறத்தில். மூன்று கார்டு போட்டு ஒவ்வொன்றும் ஸ்லாட்டிலிருந்து 5.5 ஆம்பியர் இழுத்தால் 16.5. அது முழுவதும் அந்த இரண்டு மஞ்சள் கம்பியில்தான் வர வேண்டும், கம்பிக்கு எட்டு ஆம்பியருக்கும் மேல். விசிறிகளின் தேவை தனி. 1600 வாட் பெட்டி வாங்கி வைத்தாலும் இந்தக் கம்பி இரண்டாகத்தான் இருக்கும். பல கார்டுக்கென்று செய்த மதர்போர்டுகளில் ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு மின் கனெக்டர் வைத்திருப்பது இதற்காகத்தான். அதைச் செருகாமலும் கம்ப்யூட்டர் ஓடும் என்பதால் பலர் விட்டுவிடுவார்கள். ஓடும், கம்பி சூடாகிக்கொண்டே.

சூடு என்று வந்துவிட்டதால் ஒரு சின்ன இயற்பியல். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஒரு முனை எஸ்எம்பிஎஸ்ஸில், மறுமுனையில் இரண்டு 8 பின் தலை என்று கிளை பிரியும் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தலையும் 150 வாட் வீதம் இழுத்தால் 25 ஆம்பியர் மூன்று 12 வோல்ட் கம்பிகளில் போகும், கம்பிக்கு 8.3. இரண்டு தனிக் கேபிள் போட்டால் அது 4.2 ஆகும், ஒவ்வொரு கம்பியிலும் சூடு நாலில் ஒரு பங்கு. கிளைக் கேபிள் போட்டதும் எரிந்துவிடாது. ஆனால் பெரிய கார்டுக்கு, பெட்டிக்குள் தனிக் கேபிள் சும்மா கிடக்கும்போது, இதில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

8 பின் கனெக்டரின் 150 வாட் உண்மையில் அடக்கமான எண். நல்ல கம்பி இன்னும் தாங்கும். 2014இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 என்ற கார்டில் இரண்டு சிப்புகள், 500 வாட், கனெக்டரோ இரண்டே 8 பின். விதிப்படி பார்த்தால் ஸ்லாட்டையும் சேர்த்து 375 வாட்தான் வரும். விதியை மீறித்தான் ஓடியது, ஓடவும் செய்தது. பின்னால் வந்த 12 பின் கனெக்டர் இதற்கு நேர்மாறு. 600 வாட், 50 ஆம்பியர், ஆறு கம்பி, கம்பிக்கு 8.3. ஒவ்வொரு பின்னும் தாங்கும் அளவு 9 ஆம்பியரை ஒட்டியே இருப்பதால் இடைவெளி குறைவு. ஆறு பேர் தூக்கும் கட்டிலில் இரண்டு பேர் கையை விட்டால் மற்ற நால்வர்மேல் பாரம் ஏறுவது போல, சரியாகச் செருகாமல் இரண்டு பின் தொடர்பு இழந்தால் மீதி நான்கில் 12.5 ஆம்பியர் ஓடும், வெப்பம் இரண்டேகால் மடங்காகும். 2022இல் சில ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் கனெக்டர்கள் உருகியதன் பின்னணியில் இந்தக் கணக்கு இருந்தது. கிளிக் என்று உட்காரும்வரை அழுத்துவது அங்கே சடங்கல்ல.

எஸ்எம்பிஎஸ் பக்கமும் ஒரு கண்ணி உண்டு. சில பெட்டிகள் 12 வோல்ட்டை ஒரே வழியாகத் தராமல் பல ரெயிலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைக்கும். பழைய விதியில் அது 240 வாட், அதாவது 20 ஆம்பியர். ஒரு கம்பி ஷார்ட் ஆனால் மொத்த மின்னோட்டமும் அதில் பாயாமல் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு கார்டின் கேபிளையும் தெரியாமல் ஒரே ரெயிலில் செருகினால், மொத்தத்தில் பாதிகூடப் பயன்படாதபோதே பெட்டி அணையும். மலிவான பெட்டிகளில் லேபிளில் 12 வோல்ட் வரிசையை மட்டும் படியுங்கள். பெரிய எழுத்தில் 600 வாட் என்றிருக்கும். 12 வோல்ட்டில் கிடைப்பது 400தான் என்று சிறிய எழுத்து சொல்லும்.

அப்புறம், எஸ்எம்பிஎஸ்ஸின் செயல்திறன் பற்றி ஒரு தவறான நம்பிக்கை. 90 சதவீதம் என்றால் 1000 வாட் பெட்டி 900தான் தரும் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, தருவது 1000தான். சுவரிலிருந்து 1100க்கும் மேல் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு பெட்டி போதாதென்று இரண்டு எஸ்எம்பிஎஸ் போடுவோரும் இருக்கிறார்கள். கார்டுக்கே தனி மின்வழி என்ற யோசனை புதிதல்ல. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் நான்கு சிப்பு வைத்து வடிவமைத்த வூடூ 5 6000 கார்டு, கம்ப்யூட்டருக்கு வெளியே சுவரில் செருகும் அடாப்டரோடு வருவதாக இருந்தது. கடைசியில் அது விற்பனைக்கே வரவில்லை. இன்று இரண்டு பெட்டி போடுவதென்றால் இரண்டும் ஒன்றாக இயங்கத் தொடங்க வேண்டும், இரண்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும், ஒரு கார்டின் எல்லாக் கேபிளும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். எனக்கு இது கடைசி வழியாகவே படுகிறது.

அதற்குமுன் காசு செலவில்லாத ஒன்று உண்டு. சிப்பு இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் இருமடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறும். இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தால் 0.9 மூன்று முறை பெருகி 0.73 ஆகிறது, கால் பங்குக்கு மேல் மிச்சம். வேகத்தில் போவது அதிகபட்சம் பத்து சதவீதம்.

ஆகவே புதுப் பெட்டி வாங்க ஓடுவதற்குமுன், மென்பொருளில் இரண்டு கார்டின் மின் வரம்பையும் 350இலிருந்து 280க்கு இறக்கி, அணைந்த அதே காட்சியை ஓட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் எகிறலையோ ரெயில் வரம்பையோ சந்தேகிக்கலாம். அப்போதும் அணைந்தால், கம்ப்யூட்டரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அந்த 24 பின்னை.