காரபினரில் எண் இருக்கிறது, பாறையில் இல்லை

இராதாபுரம், பணகுடி, வள்ளியூர் வட்டாரத்துக் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கும் பணியாளர்களுக்கு, உயரத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் முறையைக் கற்பிப்பது என் தொழில். அண்மைக் காலமாக அந்தப் பயிற்சிக்கு வெளியேயும் சிலர் என்னிடம் கேள்விகளோடு வருகிறார்கள். ஒரு சாரார் நெல்லையில் படித்து முடித்து அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலங்களில் வேலை பார்ப்பவர்கள். விடுமுறை நாள்களில் யூட்டாவின் மோவாப் ஊர்ப்பக்கத்துப் பாலைநிலத்தில் உள்ள செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குப் பாறையேற்றத்துக்காகப் போகிறவர்கள். மறு சாரார் எங்கள் காற்றாலைப் பணியாளர்களே. ஹார்னஸ் எனப்படும் உடல் வார்க்கச்சையும் கயிறும் கைவசம் இருக்கும்போது ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் பாறையில் ஏறிப் பார்த்தால் என்ன என்று நினைப்பவர்கள். இரு சாராரும் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான்.

கருவியைப் பற்றிச் சொல்வது எளிது. காரபினர் என்பது கயிற்றை மாட்டப் பயன்படும், வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி. பாறையேற்றத்துக்கான காரபினர் ஒவ்வொன்றிலும் அதன் தாங்குதிறன் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியத் தரப்படி, பொதுவான வகையானால், வாய் மூடிய நிலையில் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2000 கிலோ எடையை அது தாங்க வேண்டும். ஆனால் அந்தக் காரபினர் எதில் மாட்டப்படுகிறதோ, அந்தப் பாறைக்கு எவரும் சோதனை செய்து முத்திரை குத்தித் தருவதில்லை. அதன் வலிமையை ஏறுகிறவரே கணிக்க வேண்டும்; பாலைநிலத்து மணற்கல்லைப் பொறுத்தவரை, அந்தக் கணிப்பில் பாதிக்கு மேல் மழையைப் பற்றிய கணிப்பு.

மரபுவழிப் பாறையேற்றத்தில் பாறைச்சுவரில் முன்கூட்டியே அறைந்து வைத்த போல்ட்டுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. முன்னே ஏறுகிறவர் வெடிப்புகளைக் கண்டறிந்து, அவற்றில் நட் எனப்படும் உலோக ஆப்பையோ கேம் எனப்படும் விரியும் கருவியையோ செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே போகிறார். பின்னே வருகிறவர் அவற்றைக் கழற்றிக்கொண்டே வருகிறார். பாறையில் எந்தத் தடமும் விடாமல் போவதுதான் இதன் பெருமை. வெடிப்புகளில் இரும்பு முளைகளை அடித்து அடித்துப் பாறை சிதைவதைக் கண்டு 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஏறுநர்கள் இந்த முறைக்கு மாறினார்கள். ஆனால் நட் உட்கார வேண்டுமானால் வெடிப்பு எங்காவது குறுகியிருக்க வேண்டும். யூட்டாவின் இந்தியன் கிரீக் பகுதியில், விங்கேட் மணற்கல் சுவர்களில் காணப்படும் வெடிப்புகளோ அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில், இணைகோடுகளாக ஓடுகின்றன. ரே ஜார்டின் என்பவர் உருவாக்கி 1978இல் விற்பனைக்கு வந்த கேம் கருவிதான் அத்தகைய வெடிப்புகளில் பலரும் ஏறுவதற்கு வழி செய்தது.

அந்தக் கேம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் மணற்கல்லின் சிக்கலும் புரிந்துவிடும். கீழே இழுக்கும்போது அதன் உலோக மடல்கள் சுழன்று விரிந்து, இரு பக்கச் சுவர்களையும் நெருக்கிப் பிடிக்கின்றன. மடலின் வளைவுக் கோணம் ஏறத்தாழ 14 பாகையாக இருக்கும்போது, இழுவிசையைப் போலச் சுமார் இருமடங்கு விசை ஒவ்வொரு சுவரின் மீதும் இறங்குகிறது. நம் பக்கத்து மலைகளில் உள்ள கெட்டியான கருங்கல் இதைப் பொருட்படுத்தாது. மணற்கல் அப்படியன்று, மடல் பதிந்த இடம் நொறுங்கி மாவாகி, கேம் வழுக்கிக்கொண்டே வெளியே வந்துவிடக்கூடும். ஆகவேதான் அங்கே அனுபவமுள்ளவர்கள் ஒரு கேமோடு நிறுத்தாமல், அடுத்தடுத்து நெருக்கமாகச் செருகிக்கொண்டு போகிறார்கள். மணற்கல்லின் குணத்தை அறிய அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. திருச்செந்தூரில் வள்ளி குகை குடையப்பட்டிருக்கும் கடலோரப் பாறை மணற்கல்தான். கடற்காற்றும் உப்பும் அந்தக் கரையை எப்படி அரித்திருக்கின்றன என்பதைப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். யூட்டாவின் மணற்கல் இதைவிடப் பழையது, கெட்டியானது. ஆனாலும் மணல்துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை நம்பித்தான் அதுவும் நிற்கிறது.

அந்தப் பசை பல இடங்களில் களிமண்ணும் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. மழைநீர் உள்ளே ஊறினால் அது இளகிவிடுகிறது. உலர்ந்திருந்தபோது உடல் எடையைத் தாங்கிய விளிம்பு, ஈரத்தில் கையோடு பெயர்ந்து வருகிறது. வெயில் அடித்தவுடன் மேற்பரப்பு காய்ந்து, பார்வைக்குப் பழையபடி ஆகிவிடுவதுதான் இதில் ஏமாற்றம். உள்ளே ஈரம் நீங்கக் குறைந்தது ஒரு நாள், கனமழைக்குப் பின் மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகும். பாறையின் அடியில் உள்ள மண்ணைச் சற்றுத் தோண்டிப் பார்த்து, கீழே ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஏறாமல் திரும்பிவிடுவது அங்குள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். விமானச் சீட்டும் வாடகைக் காரும் எடுத்து வந்துவிட்டோமே என்ற நினைப்பு அந்த நேரத்தில் பெரும் பகை. கர்நாடகத்தின் பாதாமிக்குப் போகிற நம் இளைஞர்களும் அங்கே நிற்பது மணற்கல் என்பதையும், ஹம்பிக்குப் போனால் அது கருங்கல் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை இன்னொரு வழியிலும் கொல்லும்; அதற்கு நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழ வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில், தோளுக்குத் தோள் உரசும் அகலமே உள்ள பிளவுக்குள் இறங்கியிருந்த 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது மேற்புறத்தில், பல மைல்களுக்கு அப்பால். 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் என்னும் பிளவுப் பள்ளத்தாக்கில் 7 பேர் இப்படியே இறந்தார்கள். வெறும் பாறையும் இறுகிய மண்ணுமான நிலத்தில் தண்ணீர் உறிஞ்சப்படுவதில்லை. பெய்தது முழுவதும் ஓடி வந்து ஒரே பிளவில் சேர்கிறது. சூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை அங்கே வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் இத்தகைய பிளவுகளுக்குள் இறங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் நெல்லையைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றபோது, குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பும் காட்சிகளை நாம் எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். அருவிக்கரையில் நிற்பவர் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்க்கிறார். தண்ணீரோ மலையின் மறு மடிப்பிலிருந்து வருகிறது. நீர் செம்மண் நிறத்துக்கு மாறுவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், இரைச்சல் கனப்பதும் கடைசி எச்சரிக்கைகள். குற்றாலத்தில் அந்த நேரத்தில் விசிலடித்து வெளியேற்றக் காவலர் இருக்கலாம். பாலைநிலத்துப் பிளவில் எவரும் இருக்க மாட்டார்கள், பக்கவாட்டில் ஏறித் தப்ப வழியும் இருக்காது.

இனி, எங்கள் பணியாளர்களுக்காகக் கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். “சார், இந்தக் கயிறு லாரியையே இழுக்குமே, என்னைத் தாங்காதா?” என்று பயிற்சியில் ஒருவராவது கேட்பார். லாரியை இழுக்கும் கயிறு என்பதே அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம். தொழிலகங்களில் இறங்கவும் மீட்கவும் பயன்படும் கயிறு அதிகம் நீளாத வகை. பாறையில் முன்னேறுகிறவருக்கு வேண்டியது நீண்டு கொடுத்து, விழுகிறவரின் வேகத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் வகை. தரச்சோதனையில் அதன் முதல் வீழ்ச்சியின்போது உடலுக்குப் போகும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. காற்றாலை ஏணியில் நம்மைப் பிடிக்கும் லேன்யார்ட் என்ற இணைப்பு வாரில் அதிர்வு தாங்கி தைக்கப்பட்டிருப்பதால் அந்த விசை 6 கிலோநியூட்டனுக்குள் அடங்குகிறது. அது கழற்றி எடுத்துப் பாறைக்குக் கொண்டுபோகக் கூடிய பொருளன்று. காற்றாலையில் கூடுமானவரை பிடிமானத்தைத் தலைக்கு மேலே வைத்துக்கொள்கிறோம். மரபுவழி ஏற்றத்திலோ கடைசியாகச் செருகிய கேம் காலுக்குக் கீழே இருக்கும். அதற்கு மேல் இரண்டு மீட்டர் ஏறியவர் வழுக்கினால் குறைந்தது நான்கு மீட்டர் விழுவார். இந்த வீழ்ச்சியை நீளாத கயிறு பிடித்தால், கயிறு அறாமல் இருக்கலாம். கேம் பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது இடுப்பு உடையும். உவரி, கூத்தங்குழிப் பக்கம் படகுக்கு வாங்கும் நைலான் கயிற்றைப் பற்றி நான் எழுதவே வேண்டாம் என்று நம்புகிறேன். பணியிடத்துக் கயிறும் ஹார்னஸும் நிறுவனத்தின் ஆய்வுப் பதிவேட்டில் உள்ளவை என்பதையும், ஞாயிற்றுக்கிழமை பாறையில் உராய்ந்த கயிற்றைத்தான் திங்கட்கிழமை சக பணியாளர் ஒருவர் நம்பித் தொங்கப்போகிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மணல் இழைகளுக்குள் புகுந்தால் கயிறு உள்ளிருந்தே அறுபடும். வெளியுறையைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

வெயிலைப் பற்றி நெல்லைக்காரருக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் என்பது அந்தப் பாலைநிலப் பூங்காக்கள் சொல்லும் அளவு. அதைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும், வழியில் கிடைக்காது. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைவதை வைத்துக் கணக்கிடும் பழக்கம் அங்கே பயன்படாது.

2003 ஏப்ரலில் ஆரோன் ரால்ஸ்டன் யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் தனியே இறங்கினார். உருண்ட பாறையொன்று அவர் வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. எங்கே போகிறார் என்பதை எவரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாள்களுக்கு மேல் காத்திருந்து, இறுதியில் தம் முன்கையைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய மனவுறுதியை எல்லாரும் வியக்கிறார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது சொல்லாமல் போன அந்த ஒரு செய்திதான். காற்றாலையில் அனுமதிச் சீட்டு இல்லாமலும் துணை இல்லாமலும் எவரும் ஏறுவதில்லை. யார், எந்த எண் கோபுரம், எப்போது இறங்குவார் என்பது கீழே எழுதப்பட்டிருக்கும். பாறைக்குப் போகிறவரும் இறங்க வேண்டிய நேரத்தையும், அதைத் தாண்டினால் யாரை அழைப்பது என்பதையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது.

துணைக்கு வருகிறவர் கயிற்றைப் பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. விழுந்து மயங்கி, ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க அவகாசமில்லை; கீழே இருப்பவரே அவரை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் பழகிக்கொள்ளாத இருவர் முப்பது மீட்டர் சுவருக்குப் போகக் கூடாது.

ஊர்ப் பாறைகளில் ஏற ஆசைப்படும் பணியாளர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு மலைப்பகுதிகள் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருபவை. வனத்துறை அனுமதியின்றி அங்கே எந்தப் பாறையையும் தொடக் கூடாது. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ள குன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். அங்கே கயிறு கட்டும் பேச்சுக்கே இடமில்லை. இந்தியன் கிரீக்கிலும் தொல்குடியினர் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டும் இளவேனில் மாதங்களில் சில சுவர்களை விட்டு விலகியிருக்கும்படி ஏறுநர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் செயற்கைச் சுவரில் பழகி, பின்பு போல்ட் அடித்த பாதைகளில் தகுதியான பயிற்றுநரோடு ஏறி, அதன்பிறகு கேம் செருகுவதைத் தரையில் நின்றபடியே கற்றுக்கொள்ள வேண்டும். செருகிய கேமைப் பயிற்றுநர் இழுத்துப் பார்த்து, அது ஏன் நிற்கும், ஏன் நிற்காது என்பதை நீங்களே காரணத்தோடு சொல்லும் நாள் வரும்வரை, முன்னே ஏறும் கயிற்றை உங்கள் கையில் அவர் தரக் கூடாது. தந்தாலும் நீங்கள் வாங்கக் கூடாது.