தழும்பு இல்லை, ட்யூப் இருக்கிறது

எக்ஸ்-ரேயை விளக்கு வெளிச்சத்தில் மாட்டியதும், "சார், அது இன்னும் உள்ளேயா இருக்கு?" என்றார். லாரி ஓட்டுபவர், நாற்பது வயதிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் லேசர் வைத்துக் கிட்னிக் கல்லை உடைத்திருக்கிறார்கள். வலி போனது, வண்டி ஏறிவிட்டார். அப்போது சிறுநீர்க் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற ட்யூபை எடுக்கப் போகவே இல்லை. அதன் மேல்முனையில் கல் படிந்து எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டிருந்தது.

அந்த லேசர், நான் வாரந்தோறும் செய்கிற சிகிச்சைதான். கிட்னிக்குள் சிறுநீர் சேரும் கிண்ணங்களில் அடிக்கிண்ணத்தில் கல் உட்கார்ந்துவிட்டால், வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்தாலும் துகள்கள் மேலேறி வருவது கஷ்டம். சில கற்கள் அதிர்வலைக்கு மசியவே மசியாது. அப்போது சிறுநீர் வரும் வழியாகவே, 3 மி.மீ. தடிமனுள்ள வளையும் ஸ்கோப்பை உள்ளே விடுகிறோம். கத்தி படுவதில்லை. முனையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கிண்ணமாக எட்டிப் பார்க்கலாம். ஸ்கோப்புக்குள் இரண்டு மூன்று தலைமுடித் தடிமனில் ஓர் இழை. அதன் வழியே ஹோல்மியம் லேசர். அதன் 2,100 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இழை தொடும் கல் பொடியாகும், சற்றுத் தள்ளியிருக்கும் சதை தப்பிக்கும். திரையில் பார்த்தால் சுண்ணாம்பு கரைவதுபோல் புகைந்துகொண்டே இருக்கும்.

2 செ.மீ.க்கு மேற்பட்ட கல் என்றால் பெரும்பாலும் முதுகில் சிறு துளை போடுவதுதான் நல்லது. "எனக்கும் துளை வேண்டாம், லேசரே வைங்க" என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. துளை வழியாகப் போனாலும் பல சமயம் உடைப்பது அதே லேசர்தான்!

சிலருக்குக் கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் ஒடுங்கியிருக்கும். முட்டித் தள்ளினால் கிழிந்துவிடும். குழாய் விரியட்டும் என்று ஸ்டென்ட்டை மட்டும் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வாங்க என்பேன். "பாதி ஆபரேஷனுக்கா இவ்வளவு பணம்?" என்று கோபப்படுவார்கள். என் அண்ணனுக்குக் கல் வந்தால், ஸ்கோப்பைப் பாதியில் வெளியே எடுக்கத் தெரிந்த டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

கல்லை உடைத்த பிறகும், வீக்கத்தால் குழாய் அடைபடாமலிருக்கப் பலருக்கு ஸ்டென்ட் வைப்போம். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய ட்யூப். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும். போகும்போது விலாவில் இழுக்கும், லேசாகச் சிவக்கவும் செய்யும். பயப்பட வேண்டாம். ஆனால் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். எத்தனை நாள் வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக ஒன்றிரண்டு வாரம், சிலருக்குச் சற்றுக் கூடுதல்.

தையல் போட்டிருந்தால் பிரிக்கவாவது வருவார்கள். இதில் கட்டு கிடையாது, தழும்பு கிடையாது. உடம்பில் ஒன்று இருக்கிறது என்று நினைவூட்ட எதுவுமில்லை.

சில நிமிடங்களில் உருவியிருக்க வேண்டிய ட்யூபுக்காக அந்த லாரிக்காரருக்கு இரண்டு தடவை மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு நான் விடுவதில்லை. எடுக்க வேண்டிய தேதியை என் கண் முன்னாலேயே போனில் அலாரம் வைக்கச் சொல்கிறேன். நோயாளியின் போனில் மட்டுமல்ல, கூட வந்த மகளின் போனிலும்.