அமெரிக்காவின் காசநோய் உதவிப் பணம்: ஒப்பந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

வெளிநாடுகளில் காசநோயைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு இத்தனை கோடி டாலர் செலவிட்டது என்று செய்தி வரும்போது, அந்தத் தொகை நாடாளுமன்றம் ஒதுக்கியதா, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உச்சவரம்பா, உண்மையில் கைமாறிய பணமா என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மூன்றும் வெவ்வேறு எண்கள். ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பேசுவதால்தான், ஒரே உதவியை ஒருவர் கொட்டிக் கொடுத்ததாகவும் இன்னொருவர் கிள்ளிக் கொடுத்ததாகவும் சொல்ல முடிகிறது. இந்தக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கிறது. படிக்கும் முறை தெரிந்திருந்தால் போதும்.

இந்த உதவிக்கு அடிப்படை 1961ஆம் ஆண்டின் வெளிநாட்டு உதவிச் சட்டம். அதை நடத்திய யூஎஸ்எய்ட் என்ற அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமை உருவானதும் அதே ஆண்டில்தான். காசநோய்க்கெனத் தனிப் பிரிவு அச்சட்டத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்டது. 2008இல் வந்த மற்றொரு சட்டம், அடுத்த 5 ஆண்டுகளில் காசநோய்க்கு 400 கோடி டாலர் வரை செலவிடலாம் என்று அனுமதி அளித்தது. ஆனால் அனுமதி என்பது ஒதுக்கீடு அன்று. ஆண்டுதோறும் நிதிநிலைச் சட்டத்தின் வழியே ஒதுக்கினால்தான் பணம் வரும். அந்த 5 ஆண்டுகளில் யூஎஸ்எய்ட் கணக்கில் காசநோய்க்கு வந்த ஒதுக்கீடு 400 கோடியை நெருங்கவே இல்லை. 2024 நிதியாண்டில் அந்த ஒதுக்கீடு 39.45 கோடி டாலராக இருந்தது. உலக சுகாதார அமைப்போ, அமெரிக்கா நாடுகளின் அளவில் காசநோய்ப் பணிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கோடி டாலர் வரை நேரடியாக வழங்கிவந்தது என்று 2025 மார்ச்சில் கூறியது. இரண்டையும் அருகருகே வைத்தால் முரண்போலத் தோன்றும். முதலாவது ஓர் ஆண்டின் மொத்த ஒதுக்கீடு. இரண்டாவது நோய்ச்சுமை மிகுந்த நாடுகளுக்குள் போய்ச் சேர்ந்த பங்கு. ஆராய்ச்சிக்கும் உலகளாவிய மருந்துக் கொள்முதல் ஏற்பாட்டுக்கும் போகும் பணம் இரண்டாவதில் அடங்காது.

ஒதுக்கிய பணத்தை வெளியே கொடுக்க அமெரிக்க அரசுக்கு மூன்று வழிகள் உண்டு. இவற்றின் எல்லைகளை 1977ஆம் ஆண்டின் ஒரு சட்டம் வகுத்தது. அரசு தனக்கென ஒரு பொருளையோ சேவையையோ வாங்கினால் அது ஒப்பந்தம். பொதுநன்மைக்கான ஒரு பணியைப் பிறர் செய்ய, அரசு அதற்கு ஆதரவாகப் பணம் தந்தால் அது மானியம். அதே பணியில் அரசு அதிகாரிகளும் கணிசமாகத் தலையிட்டு உடன் நடத்தினால் அது கூட்டுறவு உடன்படிக்கை. காசநோயைப் பொறுத்தவரை பெரிய திட்டங்கள் பல மூன்றாவது வகையில்தான் நடந்தன. 2014 முதல் 2019 வரை நெதர்லாந்தின் கேஎன்சிவி அறக்கட்டளை தலைமையில் நடந்த சேலஞ்ச் டிபி திட்டத்தின் உச்சவரம்பு 52.5 கோடி டாலர். 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்ட ஸ்மார்ட்4டிபி ஆராய்ச்சித் திட்டத்துக்கு 20 கோடி டாலர் வரை. இரண்டுமே கூட்டுறவு உடன்படிக்கைகள். ஆகவே, அரசின் செலவுத் தளத்துக்குப் போய் ‘ஒப்பந்தங்கள்’ என்ற கட்டத்தை மட்டும் தேர்ந்து தேடுகிறவருக்கு இந்த இரண்டும் கண்ணிலேயே படாது. ஒப்பந்தச் செலவு என்று வெளியாகும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, மற்ற இரண்டு வகைகளும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்பதே.

அந்தத் தளத்தின் பெயர் யூஎஸ்ஏஸ்பெண்டிங். கூட்டாட்சி அரசு கொடுக்கும் பணத்தை மக்கள் தேடிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2006இல் ஒரு சட்டம் வந்தது. செனட்டர்களாக இருந்த டாம் கோபர்னும் பராக் ஒபாமாவும் கட்சி வேறுபாட்டைக் கடந்து அதை முன்னெடுத்தார்கள். தளத்தில் ஒவ்வொரு வழங்கலுக்கும், அது மேற்சொன்ன மூன்று வகைகளில் எதுவானாலும், ஓர் எண் இருக்கும். 72 என்று தொடங்கினால் அது யூஎஸ்எய்ட் கொடுத்தது. 7200ஏஏ என்றால் வாஷிங்டன் தலைமையகம். 720386 என்றால் இந்திய அலுவலகம். அடுத்த இரண்டு இலக்கங்கள் நிதியாண்டு. அதன்பின் சிஏ என்ற எழுத்துகள் நின்றால் கூட்டுறவு உடன்படிக்கை. சி என்று மட்டும் நின்றால் ஒப்பந்தம். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடிகிறது என்பதால், நம் ஏப்ரல் கணக்கோடு ஒப்பிடும்போது கவனம் தேவை.

எண்ணுக்குள் நுழைந்தால் மூன்று தொகைகள் தெரியும். உச்சவரம்பு என்பது, எல்லாம் திட்டமிட்டபடி நடந்து ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடும் வந்தால் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பது மட்டுமே. பொறுப்பேற்ற தொகை என்பது, அரசு சட்டப்படி இதைத் தருகிறேன் என்று தன்னைக் கட்டிக்கொண்டது. வழங்கிய தொகைதான் கருவூலத்திலிருந்து உண்மையில் வெளியேறியது. நாளிதழ் தலைப்புகளுக்குப் பிடித்தது உச்சவரம்பு, பெரிய எண்ணாயிற்றே. சில வரிகளில் கழித்தல் குறியோடு தொகை நிற்பதையும் காணலாம். அது பிழை அன்று. பொறுப்பேற்றதில் செலவாகாத பகுதியை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதன் பதிவு.

பணம் பெறுபவரின் முகவரி பெரும்பாலும் வர்ஜீனியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ் என்றே இருக்கும். பணி நடக்கும் இடம் வேறு கட்டத்தில் வரும். முதன்மைப் பெறுநர் தன் கீழுள்ள அமைப்புகளுக்குக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் பகிர்ந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். இந்தியாவுக்குள் இந்தச் சங்கிலியே மாறிவிட்டது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், அப்பணத்தைப் பெற்ற அமைப்பு மற்றோர் அமைப்புக்கு அதை மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரீச் போன்ற, காசநோய்ப் பணியில் யூஎஸ்எய்ட் நிதியை நேரடியாகப் பெற்ற உள்நாட்டு அமைப்புகளின் பெயர் கணக்கில் தனித்துத் தெரிவதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: நிக்ஷய் போஷன் திட்டத்தில் காசநோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும் மாதம் 1,000 ரூபாய் இந்திய அரசின் பணம். 2025இல் அமெரிக்க உதவி நின்றதால் அதுவும் நிற்கும் என்று பரப்பப்படும் பேச்சுக்கு அடிப்படை இல்லை.

ஒப்பந்தத்தில் பணம் எப்படிக் கணக்காகிறது என்பதையும் பார்ப்போம். உதவித் துறையில் வழக்கமான வடிவம், ஆன செலவோடு நிலையான கட்டணம் சேர்ப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சளி மாதிரியை மாவட்ட ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்பவரின் கூலி, அவருடைய இருசக்கர வாகனத்துக்கான பெட்ரோல் ரசீது, மாதிரிக் குப்பியும் குளிர்ப்பெட்டியும் எல்லாம் நேரடிச் செலவு. நிறுவனத்தின் தலைமை அலுவலக வாடகை, கணக்கர் சம்பளம் போன்றவை முன்பே ஒப்புக்கொண்ட விழுக்காட்டில் மறைமுகச் செலவாக ஏறும். அதற்குமேல் நிறுவனத்தின் லாபமாக அந்த நிலையான கட்டணம். ஒரு டாலரில் எத்தனை காசு குப்பிக்குப் போயிற்று, எத்தனை வாடகைக்குப் போயிற்று என்ற பிரிவினை மட்டும் தளத்தில் இருக்காது. என் பார்வையில் இந்த வெளிப்படைத்தன்மையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

சிறிய தொகை பெரிய வேலை செய்ததும் உண்டு. காசநோய்க் கிருமியையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் இரண்டு மணி நேரத்தில் காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்கு, ஒரு சோதனைக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் வேண்டும். 2012இல் அதன் விலை 16.86 டாலர். யூஎஸ்எய்ட், அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபார், பன்னாட்டு சுகாதார நிதி அமைப்பான யுனிட்எய்ட், கேட்ஸ் அறக்கட்டளை ஆகிய நான்கும் சேர்ந்து தயாரிப்பு நிறுவனத்துக்கு 1.11 கோடி டாலர் கொடுத்து, வளரும் நாடுகளின் பொதுத்துறைக்கு அதை 9.98 டாலராக இறக்கின. 2023இல் அது 7.97 டாலருக்கு வந்தது. அந்த 1.11 கோடியில் அமெரிக்கப் பங்கு, கணக்கில் எளிதில் கண்டுபிடிக்க முடியாத சிறு வரி. அதன் பலனோ அதன்பின் வாங்கப்பட்ட ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் சேர்ந்தது. மருந்துக் கொள்முதலும் அப்படியே. நாடுகளுக்குக் காசநோய் மருந்து வாங்கித் தரும் உலகளாவிய மருந்து வசதி அமைப்புக்குத் தரும் பணம் ஐ.நா. சார்ந்த ஓர் அமைப்புக்கான மானியமாக ஒற்றை வரியில் முடிந்துவிடும். எந்த நாட்டுக்கு எத்தனை மாத்திரை போயிற்று என்பதை அங்கே தேடிப் பயனில்லை. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலகளாவிய நிதியத்துக்கு அமெரிக்கா தரும் பங்கு தனிக் கணக்கு. நிதியத்தின் மொத்த வரவில் அது 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டமே வரம்பிட்டிருக்கிறது.

2025இல் நடந்தது, ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை எல்லோரையும் படிக்க வைத்தது. ஜனவரி 20இல் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்கும் அதிபர் ஆணை வந்தது. சில நாள்களில் பணி நிறுத்த உத்தரவுகள் போயின. கூட்டாட்சிக் கொள்முதல் விதிகளின்படி, பணி நிறுத்தக் கூறு சேர்க்கப்பட்ட ஒப்பந்தத்தை அரசு பொதுவாக 90 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் உத்தரவை விலக்க வேண்டும் அல்லது ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். குற்றம் எதுவும் சுமத்தாமல், அரசின் வசதிக்காக என்ற ஒரே காரணத்தால் முடிக்கவும் விதியில் இடம் உண்டு. அலுவலகக் கட்டடம் கட்டும் ஒப்பந்தத்துக்கு 90 நாள் பெரிதல்ல. வழக்கமான காசநோய் சிகிச்சை 6 மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு எதிர்ப்பு உருவாகலாம். கொள்முதல் விதியை எழுதியவர்கள் இந்த நோயை மனத்தில் வைத்து எழுதவில்லை.

மார்ச் 10இல் ஏறத்தாழ 5,200 வழங்கல்கள் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். அதற்கு முன்பே மார்ச் 5இல், முடித்த பணிக்குப் பணம் தர வேண்டும் என்ற கீழமை நீதிமன்ற உத்தரவை நீக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மறுத்திருந்தது. அரசின் வசதிக்காக முடிக்கப்பட்ட ஒப்பந்தத்தில், அந்த நாள் வரை ஆன செலவையும் மூடும் பணிக்கான நியாயமான செலவையும் நிறுவனம் கோரலாம். நடக்காத பணிக்கான லாபத்தைக் கோர முடியாது.

2025 ஜூலை 1 முதல் யூஎஸ்எய்ட் உதவிப் பணியை நிறுத்தியது. எஞ்சிய திட்டங்கள் வெளியுறவுத் துறைக்குப் போயின. அந்தத் துறை புதிதாகச் செய்யும் ஒப்பந்தங்களின் எண் 19 என்று தொடங்கும்; மானியங்களின், கூட்டுறவு உடன்படிக்கைகளின் எண்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. எனவே 72இல் தொடங்கும் எண்களை மட்டும் தேடுகிறவருக்கு, அந்தத் தேதிக்குப் பிறகு கழித்தல் குறியிட்ட வரிகளே மிகுதியாகக் கிடைக்கும். தேடும்போது வெளியுறவுத் துறையின் வழங்கல்களையும் சேர்த்தே தேட வேண்டும்.